பாக்கியலட்சுமிக்கு எது வேண்டும்

பாக்கியலட்சுமி முப்பது ஆண்டுகளுக்கு மேல் மற்றவர்களைக் குளிப்பாட்டிவிட்டு ஓய்வு பெற்றவர். மருத்துவமனை வார்டில் தாதியருக்கு உதவியாளர் வேலை. இடுப்பெலும்பு முறிந்தவர்கள், வாதம் வந்து ஒரு பக்கம் விழுந்தவர்கள், எழுந்து நிற்கவே பயப்படுகிறவர்கள் என்று தினமும் காலையில் ஒரு வரிசை அவருக்காகக் காத்திருக்கும். சிலரைச் சக்கர நாற்காலியில் வைத்து ஷவருக்குத் தள்ளிக்கொண்டு போவார். சிலருக்குப் படுக்கையிலேயே வெந்நீரும் துண்டும். தாதி பட்டம் எதுவும் இல்லாவிட்டாலும் எல்லாரும் அவரை ‘மிஸி’ என்றுதான் கூப்பிட்டார்கள். தண்ணீரை முதலில் பாதத்தில் ஊற்றிவிட்டு முகத்தைப் பார்ப்பார். யாருக்குத் தலையில் தண்ணீர் விழுந்தால் மூச்சு முட்டும், யாருக்கு முதுகைத் தேய்த்தால் அழுகை வரும் என்பதெல்லாம் இரண்டாம் நாளே அவருக்குத் தெரிந்துவிடும்.

அவருடைய சொந்தக் குளியல் ஒரு வாளித் தண்ணீரில் முடிந்துபோகும். குவீன்ஸ்டவுனில் வளர்ந்த வழக்கம் அது. சின்ன வீடு, நிறையப் பேர், ஒரே குளியலறை. தாழ்ப்பாள் போட்ட கையோடு வெளியே யாராவது கதவைத் தட்டுவார்கள். தட்டுவதற்குள் வெளியே வந்துவிட வேண்டும் என்பது அவர் உடம்பில் அப்படியே ஊறிவிட்டது. பிறகு வேலை, ஷிப்ட், பிள்ளை. காலைப் பேருந்தைப் பிடிக்கிறவளுக்கு வாளியே போதும் என்றுதான் இருந்தார்.

கல்யாணத்துக்குப் பிறகு சில வருடங்கள் கழித்து, அவரும் கணவர் தங்கராஜுவும் புக்கிட் பாஞ்சாங்கில் வீடமைப்புக் கழகமான வீவக கட்டிய ஒரு பெரிய அடுக்குமாடி வீட்டுக்குக் குடிவந்தார்கள். தங்கராஜு ஜூரோங் பக்கம் ஒரு கப்பல் பட்டறையில் கிரேன் ஓட்டியவர். அந்த வீட்டில் இரண்டு குளியலறைகள். சமையலறை ஓரம் ஒன்று. படுக்கையறையோடு ஒட்டி இன்னொன்று. படுக்கையறைக் குளியலறையில் வெளிர் பச்சை நிறத்தில் நீளமாக ஒரு குளியல் தொட்டி இருந்தது. அந்தக் காலத்தில் சில பெரிய வீடுகளை அப்படித்தான் கட்டியிருந்தார்கள். அவர்கள் ஒரு நாளும் அதில் தண்ணீர் நிரப்பிக் குளித்ததில்லை. பாக்கியலட்சுமி தொட்டிக்குள் வாளியை வைத்து, தானும் உள்ளே நின்றுகொண்டு, செம்பால் மொண்டு ஊற்றிக்கொள்வார். தீபாவளிக்கு முன்னால் திரைச்சீலைகளும் போர்வைகளும் அதில் ஊறும். மகள் நிரஞ்சனா சிறுமியாக இருந்தபோது அதில் ஒரு வாரம் மீன் வளர்த்தாள்.

கீழ் வீட்டில் நஸீஹா என்ற மலாய்க்காரப் பெண் குடியிருந்தாள். போன வருடக் கடைசியில் அவள் மேலே வந்து, மன்னிப்புக் கேட்கிற தோரணையில், கைத்தொலைபேசியில் ஒரு படத்தைக் காட்டினாள். அவள் குளியலறையின் உட்கூரையில் தேநீர் கொட்டினாற்போல ஒரு கறை. வீவகவிலிருந்து ஆள் வந்து பார்த்தார். மேல் வீட்டுத் தரையை உடைத்து, நீர் கசியாதபடி புதிதாகப் பூச வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். தரையை உடைக்க வேண்டுமென்றால் தொட்டியை எடுத்தாக வேண்டும்.

பூன் லேயில் இருக்கும் நிரஞ்சனாவின் வீட்டைப் புதுப்பித்தவர் அஹமது கபீர். லிட்டில் இந்தியாவில் ஒரு பக்கத் தெருவில் அவருக்கு அலுவலகம். அவரையே கூப்பிட்டார்கள். கபீர் வந்தார், குனிந்து தொட்டியின் விளிம்பை விரலால் தட்டிப் பார்த்தார், எழுந்தார்.

“அக்கா, இத எடுத்தா உடைஞ்சிரும். திரும்ப வைக்க முடியாது. புதுசா ஒரு பாத்டப் போடுறதா, இல்ல ஷவர் மட்டும் போதுமா? நீங்க சொல்றத வச்சுத்தான் பைப்பு எங்க வரணும், தரை எந்தப் பக்கம் சரியணும்னு நான் பாக்கணும்.”

தங்கராஜு வாசலில் சாய்ந்துகொண்டு நின்றார். “அவளக் கேளுங்க லா. இத்தன வருஷமா ஜனங்களக் குளிப்பாட்டினவ. அவளுக்குத் தெரியாததா?”

இருவரும் பாக்கியலட்சுமியைப் பார்த்தார்கள். பாக்கியலட்சுமி தொட்டியைப் பார்த்தார்.

“யாருக்கு?” என்றார்.

“யாருக்குன்னா?”

“யாரு குளிக்கப் போறாங்கன்னு தெரிஞ்சாத்தானே சொல்ல முடியும்.”

“நீங்கதான்க்கா குளிக்கப் போறீங்க.”

பாக்கியலட்சுமி யோசித்துச் சொல்வதாகச் சொல்லிக் கபீரை அனுப்பிவைத்தார்.

அன்று தொடங்கியது குழப்பம். வார்டில் இந்த மாதிரி யோசிக்க அவருக்கு நேரமே ஆனதில்லை. வயது என்ன, கால் எப்படி, ரத்த அழுத்தம் உண்டா, கூச்சமுள்ளவரா என்று ஒரு பார்வை பார்த்தால் போதும். இப்போதும் அப்படியே பார்க்க முயன்றார். வயது அறுபத்திரண்டு. கால் பரவாயில்லை. தோள்பட்டைதான் ஆட்களைத் தூக்கித் தூக்கித் தேய்ந்திருக்கிறது. கூச்சம்? அதற்கு என்ன எழுதுவது என்று தெரியவில்லை. நோயாளி என்றால் முகத்தைப் பார்த்துச் சொல்லலாம். கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்தார். அது பதில் கேட்கிற முகமாக இருந்ததே தவிர பதில் சொல்கிற முகமாக இல்லை.

காலையில் கபீருக்கு ஷவர் என்று குரல் பதிவு அனுப்பினார். சாயங்காலம், எதற்கும் தொட்டியே இருக்கட்டும் என்று இன்னொன்று அனுப்பினார். மறுநாள், முந்தைய இரண்டையும் கேட்க வேண்டாம் என்று மூன்றாவது. கபீர் கட்டை விரல் தூக்கிய படத்தை மட்டும் பதிலாக அனுப்பிக்கொண்டிருந்தார்.

நிரஞ்சனா தொடக்கப்பள்ளி ஆசிரியை. அவளுக்குக் குழப்பம் என்பதே கிடையாது.

“ம்மா, சீரியஸ்லி, டப்பு எதுக்கு? அத்தனை வருஷம் அதுல ஒரு நாளாச்சும் படுத்துக் குளிச்சிருக்கியா? வயசாகுது. ஒரு நாள் வழுக்கி விழுந்தா யாரு பாக்கறது? ஷவர் போடு, கைப்பிடி போடு, முடிஞ்சுது.”

“சரிதான்,” என்றார் பாக்கியலட்சுமி. மகள் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை. வார்டில் இருந்திருந்தால் அவரே இதைத்தான் சொல்லியிருப்பார். ஆனால் போனை வைத்ததும் மனதுக்குள் ஏதோ ஒன்று, சரியில்லை என்று முனகியது. அது என்னவென்று தேடினால் ஓடி ஒளிந்துகொண்டது.

கணவரிடம் கேட்டால் அது இன்னும் மோசம்.

“உனக்கு எது புடிக்குதோ அது.”

“ஷவர்னு வச்சுக்குவோம்.”

“ம். நல்லதுதான். ஆனா டப்பு இருந்தா ஒரு அழகு.”

“அப்ப டப்பு?”

“ம். ஏறி எறங்கணும். பரவால்ல, நீதானே குளிக்கப் போறே.”

“நீங்க குளிக்க மாட்டீங்களா?”

“எனக்கு அந்தப் பக்கத்து பாத்ரூம் போதும் லா.”

சில மாதங்களாகவே தங்கராஜு சமையலறைப் பக்கத்துக் குளியலறையில்தான் குளித்துக்கொண்டிருந்தார். சீக்கிரமே விழிப்பு வந்துவிடுகிறது, படுக்கையறையில் தண்ணீர் சத்தம் கேட்டால் உன் தூக்கம் கெடும் என்று காரணம் சொல்லியிருந்தார். முப்பது வருடம் விடியலுக்கு முன் எழுந்த பாக்கியலட்சுமிக்கு அந்தத் தூக்கம் பெரிய பரிசு. அவர் மறுபேச்சுப் பேசவில்லை.

கபீர் அவர்களை ஜாலான் புசாரில் குளியலறைச் சாமான்கள் விற்கும் கடை ஒன்றுக்குப் போகச் சொன்னார். கண்ணால் பார்த்தால் தெளிவு பிறக்கும் என்பது அவர் எண்ணம். கடையில் தொட்டிகள் வெள்ளை வெள்ளையாக வரிசையில் கிடந்தன. விற்பனைப் பெண் உள்ளே படுத்துப் பார்க்கும்படி வற்புறுத்தினாள். பாக்கியலட்சுமி செருப்பைக் கழற்றிவிட்டு, சுடிதாரோடு ஒன்றில் ஏறிப் படுத்தார். கைப்பையையும் செருப்பையும் பிடித்தபடி தங்கராஜு பக்கத்தில் நின்றார். மேலே விளக்குகள் வரிசையாகத் தெரிந்தன. கண்ணாடிச் சுவருக்கு வெளியே நடைபாதையில் போனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். வசதியாக இருக்கிறதா என்று அந்தப் பெண் ஆங்கிலத்தில் கேட்டாள்.

“எக்ஸ்ரேவுக்குத் தள்ளிக்கிட்டுப் போற மாதிரி இருக்கு,” என்றார் பாக்கியலட்சுமி, கணவரைப் பார்த்து.

பிறகு ஷவர்ப் பக்கம் அழைத்துப் போனார்கள். தாம்பாளம் அளவுக்கு ஒரு ஷவர். பொத்தானை அழுத்தியதும் மழை மாதிரி கொட்டியது. கையை நீட்டினார், ஒரு பக்கச் சட்டைக்கை முழுக்க நனைந்தது. அதிலும் ஒன்றும் தோன்றவில்லை. நல்ல ஷவர் என்று தோன்றியது, அவ்வளவுதான். யாரோ ஒருவருக்கு ரொம்பப் பிடிக்கும் என்று தோன்றியது.

லிட்டில் இந்தியாவில் ஒரு கடையில் உட்கார்ந்து தோசை சாப்பிடும்போது தங்கராஜு கேட்டார். “என்ன முடிவு பண்ணே?”

“எனக்கு ஏன் இது வர மாட்டேங்குதுன்னு தெரியலீங்க. சேலைக்கடையில கூட நான் இப்படி நின்னதில்ல.”

“சேல வாங்கறப்ப ஒனக்குன்னு நீ எங்க பாத்தே. அம்மாவுக்கு எது புடிக்கும், மச்சினிக்கு எது புடிக்கும்னு வாங்குவே. ஒனக்கு எடுக்கறது மிச்சம் இருக்கறதுதானே.”

அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். பாக்கியலட்சுமி ஒரே துண்டு தோசையைச் சட்னியில் திரும்பத் திரும்பத் தோய்த்தார். அது உண்மையா இல்லையா என்பதிலும் அவருக்கு நிச்சயமில்லை.

கடைசியில் நிரஞ்சனா ஒரு வழி கண்டுபிடித்தாள். அப்பா அம்மாவின் திருமண நாளுக்கு, ஃபேரர் பார்க் பக்கம் ஒரு ஹோட்டலில், தொட்டி உள்ள அறையாகப் பார்த்து ஒரு நாள் பதிவு செய்தாள்.

“போய் ஒரு தடவ குளிச்சுப் பாரு. புடிச்சா டப்பு, புடிக்கலன்னா ஷவர். சிம்பிள்.”

மதியம் போய்ச் சேர்ந்தார்கள். ஜன்னலிலிருந்து பார்த்தால் சிராங்கூன் சாலையில் கோயில் கோபுரத்தின் மேல் பாதி தெரிந்தது. தங்கராஜு கட்டிலில் உட்கார்ந்து தொலைக்காட்சியைப் போட்டார். பாக்கியலட்சுமி குளியலறைக்குள் போய்த் தொட்டியில் தண்ணீரைத் திறந்துவிட்டார். முழங்கையை நனைத்துச் சூடு பார்த்தார். இரண்டு முறை பார்த்தார். பிறகு ஏறி உட்கார்ந்தார்.

அடுத்து என்ன செய்வது என்று அவருக்குத் தெரியவில்லை. பழக்கத்தில் சோப்பை எடுத்துத் தேய்த்தார். தண்ணீர் பால் மாதிரி ஆகி, மேலே நுரையும் அழுக்கும் மிதந்தன. அதே தண்ணீரில் தான் உட்கார்ந்திருப்பதை நினைத்ததும் உடம்பு கூசியது.

“முடிஞ்சுதா?” வெளியிலிருந்து தங்கராஜுவின் குரல்.

“இன்னும் ஆரம்பிக்கவே இல்ல.”

எழுந்து, தண்ணீரை வடியவிட்டு, அங்கேயே இருந்த கைஷவரில் நன்றாகக் கழுவிக்கொண்டார். ஷவர்தான் சரி, இதோடு முடித்துக்கொள்ளலாம் என்று தோன்றியது. துண்டை எடுக்கப் போனவர், மகள் கேட்டால் என்ன சொல்வது என்று நினைத்து, தொட்டியை இன்னொரு தடவை நிரப்பினார். இந்த முறை சோப்பு இல்லை. வெறும் தண்ணீர்.

முதலில் கைகள் தாமாக மேலே வந்தன. அவர் தூக்கவில்லை. பிறகு தோள்பட்டை. எத்தனையோ பேரைத் தூக்கிய தோள், இப்போது யாரோ அதைக் கீழேயிருந்து தாங்கிப் பிடித்த மாதிரி லேசாயிற்று. தலையைப் பின்னால் சாய்த்தார். காதுவரை தண்ணீர் வந்ததும் தொலைக்காட்சி சத்தம் நின்று, தன் மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது. அப்படியே கிடந்தார். கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்து காதுப்பக்கம் போய்த் தொட்டித் தண்ணீரோடு சேர்ந்தது. எதற்கு அழுகிறோம் என்று அவருக்கு விளங்கவில்லை. துக்கம் எதுவும் இல்லை. வார்டில் வெந்நீர் பட்டதும் அழுகிற நோயாளிகளைப் பார்த்திருக்கிறார். வலிக்கிறதா என்று கேட்பார், இல்லை என்பார்கள். அவர்களும் இப்படித்தான் விளங்காமல் அழுதார்களோ என்று நினைத்தார்.

துண்டைச் சுற்றிக்கொண்டு கதவைத் திறந்தபோது தங்கராஜு தொலைக்காட்சியை அணைத்துவிட்டு அவரைப் பார்த்தார்.

“எப்படி இருந்துச்சு?”

“தெரியல.”

“அரை மணி நேரமா உள்ள இருந்துட்டுத் தெரியலங்கறே.”

“நெசமாத்தான். நீங்க போய்ப் பாருங்க. தண்ணி இன்னும் சூடாத்தான் இருக்கு, வீணாப் போகுது.”

அவர் வேண்டாம் என்றார். பாக்கியலட்சுமி விடவில்லை. தங்கராஜு எழுந்து வந்து தொட்டிக்கு முன் நின்றார். வலது காலைத் தூக்கினார். அது முழங்காலளவுக்குக்கூட வரவில்லை. முகம் கழுவும் தொட்டியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் கைலியோடு தொடையைப் பிடித்து மேலே இழுத்தார். கட்டை விரல் தொட்டி விளிம்பில் இடித்தது. காலைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்.

“எனக்கு இதெல்லாம் ஒத்துக்காது லா. சளி புடிச்சுக்கும்.”

பாக்கியலட்சுமி சிரிக்கவில்லை. இடுப்பை ஒரு பக்கம் தள்ளி, வலது காலில் பாரம் போடாமல் அவர் நிற்கிற விதத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். இப்படி நிற்கிற எத்தனை பேரை அவர் பார்த்திருக்கிறார்.

“எவ்வளவு நாளா?”

“என்னது?”

“காலு.”

தங்கராஜு குனிந்து கைலியைச் சரிசெய்தார். “தீபாவளிக்கு முன்னாடி இருந்து.”

“அதான் அந்த பாத்ரூமுக்குப் போனீங்களா?”

“டப்புல ஏற முடியல. ஒரு தடவ விழப் பாத்தேன்.”

“என்கிட்ட ஏன் சொல்லல?”

“சொன்னா என்ன ஆகும்? நீ மறுபடியும் டியூட்டிக்குப் போன மாதிரி ஆயிரும். இப்பத்தான் ரிட்டயர் ஆயிருக்கே.”

பாக்கியலட்சுமிக்குக் கோபம்தான் முதலில் வந்தது. அது கணவர்மேலா தன்மேலா என்று பிரிக்க முடியவில்லை. ஊரார் நோயெல்லாம் இரண்டாம் நாளே தெரிந்த தனக்கு, ஒரே கட்டிலில் படுக்கிறவரின் கால் தெரியாமல் போயிருக்கிறது. அவர் தொட்டியில் ஏறுவதை நிறுத்தியதை, தன் தூக்கத்துக்குக் கிடைத்த பரிசு என்று வாங்கி வைத்துக்கொண்டு நன்றாகத் தூங்கியிருக்கிறார். ஈரத் தலையோடு கட்டிலில் போய் உட்கார்ந்தார். தங்கராஜு ஒரு துண்டை எடுத்துவந்து நீட்டினார்.

பாக்கியலட்சுமி கணவரை மருத்துவமனைக்கு அழைத்துப்போனார். டாக்டர் இடுப்பு மூட்டு தேய்ந்திருப்பதாகச் சொன்னார். பயிற்சிகள் சொல்லிக்கொடுத்தார்கள், அறுவை சிகிச்சை பற்றிப் பிறகு பார்க்கலாம் என்றார்கள். இனி குளியலறை விஷயத்தில் குழப்பத்துக்கே இடமில்லை என்று பாக்கியலட்சுமி நினைத்தார். ஷவர்தான். கபீருக்குத் தெளிவாகச் சொல்லிவிட்டார். அன்றே கபீர் அவரைக் கூப்பிட்டார்.

“அக்கா, கோவிச்சுக்காதீங்க. நீங்க ஷவர்னு அனுப்புறீங்க. அண்ணன் டப்புன்னு அனுப்புறாரு. ஒரே வீட்ல இருந்து ரெண்டு மெசேஜ். நான் யாரு பேச்சக் கேக்கறது?”

பாக்கியலட்சுமி கூடத்துக்குப் போனார். தங்கராஜு சோபாவில் உட்கார்ந்து, சொல்லிக்கொடுத்தபடி காலை நீட்டி மடக்கிக்கொண்டிருந்தார்.

“எனக்கு டப்பு வேணாம்.”

“எனக்கு அந்த பாத்ரூம் போதும்னு நான் எப்பவோ சொல்லிட்டேன். இது உன்னோடது.”

“நான் கேட்டேனா?”

“நீ எதத்தான் கேட்டிருக்கே? ஹோட்டல்ல நீ வெளிய வந்தப்ப நான் உன் மொகத்தப் பாத்தேன்.”

“மொகத்துல என்ன இருந்துச்சு?”

தங்கராஜு காலை மடக்குவதை நிறுத்தினார். “சொல்லத் தெரியல. ஆனா அந்த மொகத்த நான் பாத்ததில்ல. கல்யாணமான புதுசுல கூட.”

பாக்கியலட்சுமி சமையலறைக்குப் போய்விட்டார். அரிசியைக் களைந்தார். களைந்த அரிசியை மறுபடியும் களைந்தார். தான் ஷவர் என்று சொல்வது கணவரின் காலுக்காகவா, அல்லது தொட்டி வேண்டும் என்று சொல்லக் கூசுவதாலா? அவர்தான் சமையலறைப் பக்கத்துக் குளியலறையே தனக்குப் போதும் என்கிறாரே. அப்படியானால் கூச்சம்தானா? வேண்டும் என்பது இவ்வளவு கஷ்டமான சொல்லா? இல்லை, உண்மையிலேயே வேண்டாமோ? மகள் சொல்வது போல ஒரு நாள் வழுக்கினால்? கேள்விகள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நின்றன. இரவு நிரஞ்சனா பேசினாள். அப்பாவின் கால் விஷயம் தெரிந்த பிறகு அவளும் முன்போல அடித்துச் சொல்லவில்லை. “நீயே டிசைட் பண்ணு மா,” என்றாள். அதுதான் ஆகாத காரியமாக இருந்தது.

இதற்குள் நஸீஹாவின் உட்கூரையில் கறை இருந்த இடத்தில் தண்ணீர் சொட்டவே தொடங்கியது. தள்ளிப்போட வழியில்லை. ஒரு திங்கட்கிழமை காலை கபீர் ஆட்களோடு வந்துவிட்டார். அவர்களில் சின்னராசு என்று தமிழ்நாட்டுக்காரர் ஒருவர். அவர்தான் இயந்திரத்தால் தொட்டியை அறுத்துத் துண்டு துண்டாக வெளியே எடுத்தார். தொட்டி போன இடத்தில் ஈரமான சிமெண்டும் கறுத்த மணலும் தெரிந்தன. அந்த இடம் இத்தனை பெரியதா என்று பாக்கியலட்சுமிக்கு ஆச்சரியமாக இருந்தது.

கபீர் சுவரில் குறிபோட சுண்ணக்கட்டியை எடுத்தார். சின்னராசு தரையை உடைத்துக்கொண்டிருந்த சத்தத்தில் கத்திப் பேச வேண்டியிருந்தது.

“கடைசியா கேக்குறேன்க்கா. ஷவர்தானே?”

“ஆமா.”

கபீர் சுவரில் ஒரு சிவப்புப் பெருக்கல் குறி போட்டார். பாக்கியலட்சுமி அதைப் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு ஏதோ சொன்னார். சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை. கபீர் காதைக் காட்டினார். பாக்கியலட்சுமி குரலை உயர்த்தி மறுபடியும் சொன்ன அதே நேரத்தில் சின்னராசு இயந்திரத்தை நிறுத்தினார்.

“எனக்கு டப்பு வேணும்.”

அமைதியில் அது வீடு முழுக்கக் கேட்டது. சின்னராசு நிமிர்ந்து பார்த்தார். படுக்கையறை வாசலில் தங்கராஜு வந்து நின்றார். பாக்கியலட்சுமியின் முகம் சிவந்துபோயிற்று.

“இல்ல, வேணாமோ,” என்றார் உடனே. அவர் சுவரைத் தொட்டார், கையை எடுத்தார். “இல்ல. வேணும்தான். விளிம்பு தாழ்வா இருக்கறதாப் பாத்துப் போடுங்க.”

கபீர் துணியால் சிவப்புக் குறியைத் துடைக்கத் தொடங்கினார். பாக்கியலட்சுமி அதோடு நிற்கவில்லை.

“அந்த பாத்ரூமையும் இதோட சேத்துச் செஞ்சிருங்க. வாசல்ல அந்தப் படிய எடுத்துருங்க. உக்காந்து குளிக்கச் சுவரோட ஒரு பலகை. கைப்பிடி ரெண்டு. ஒண்ணு எழும்பறதுக்கு நேரா, ஒண்ணு பிடிச்சு நடக்கறதுக்குப் படுக்கையா. ஷவர் கைக்கு எட்டணும், தலைக்கு மேல வேணாம்.” கணவரைத் திரும்பிப் பார்த்தார். “இங்க வாங்க. நேரா நில்லுங்க.” அவர் இடுப்பின் உயரத்தைத் தன் கையால் பார்த்துக் கபீருக்குக் காட்டினார். இதையெல்லாம் சொல்ல அவருக்கு ஒரு கணம்கூட யோசனை தேவைப்படவில்லை.

வேலை முடிய நாள் பிடித்தது. கீழ் வீட்டில் சொட்டுவது நின்று, உட்கூரைக்கு வெள்ளையடித்தார்கள். நிரஞ்சனா வந்து புதுத் தொட்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். வழுக்குகிறதா என்று காலை வைத்துத் தேய்த்தாள். கைப்பிடியைப் பிடித்து இழுத்தாள். “ஓகே,” என்றாள். அடுத்த ஞாயிறு தன் துண்டையும் எடுத்துக்கொண்டு வந்தாள்.

முடிவு சரிதானா என்று கேட்டால் பாக்கியலட்சுமியால் இப்போதும் அடித்துச் சொல்ல முடியாது. சில நாள் தொட்டியைத் துடைக்கும்போது, ஒரு ஆளுக்கு இவ்வளவு இடமா என்று மனம் குத்தும். எத்தனை வருஷத்துக்கு ஏறி இறங்க முடியும் என்று கணக்குப் போட்டுப் பார்த்து விட்டுவிடுவார். வாரநாட்களில் அவர் குளிப்பது பழையபடி வாளியும் செம்பும்தான், புதுத் தொட்டிக்குள் நின்றுகொண்டு.

சனிக்கிழமை மத்தியானம் மட்டும் நிரப்புவார். முதல் வாரம் கதவைச் சாத்திக்கொண்டார். இரண்டாம் வாரம் தங்கராஜு ஏதோ கேட்க வந்து, கதவுக்கு வெளியே நின்று பேசினார். கால் வலிக்க நிற்க வேண்டாம் என்று பாக்கியலட்சுமி உள்ளே கூப்பிட்டார். அவர் கழிப்பிட இருக்கையின் மூடியைப் போட்டு, அதன்மேல் உட்கார்ந்தார். அதிலிருந்து அது வழக்கமாகிவிட்டது. பேப்பரை எடுத்துக்கொண்டு வருவார், ஆனால் படிப்பது குறைவு.

ஒரு சனிக்கிழமை, பட்டறையில் வேலைக்குச் சேர்ந்த புதிதில் தனக்கு உயரம் என்றால் எவ்வளவு பயம் என்று சொன்னார். கிரேன் ஏணியில் பாதி ஏறியதும் கை நடுங்குமாம். மேலே கூண்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுவாராம். கீழேயிருந்து சைகை காட்டுகிறவர்களுக்கு முகம் தெரியாதபடி ஒரு பெரிய கறுப்புக் கண்ணாடி வாங்கிப் போட்டுக்கொண்டாராம்.

“கல்யாணப் போட்டோவுல போட்டிருக்கீங்களே, அதுவா?”

“அதேதான்.”

“ஸ்டைலுக்குப் போட்டிருக்கீங்கன்னு எங்க வீட்ல எல்லாரும் சொன்னாங்க.”

“நானும் அப்படியே விட்டுட்டேன்.”

அப்புறம் எப்போது பயம் போயிற்று என்று பாக்கியலட்சுமி கேட்டார். போகவே இல்லை என்றார் தங்கராஜு. ரிட்டயர் ஆகிற நாள்வரை ஏணியில் அந்த இடம் வந்ததும் கை நடுங்கியது, நடுங்கினால் நடுங்கட்டும் என்று ஏறினேன் என்றார். தண்ணீர் ஆறிவிட்டிருந்தது. பாக்கியலட்சுமி எழுந்திருக்கவில்லை. வெந்நீர்க் குழாயைக் காலால் தள்ளித் திறந்துவிட்டு, அந்தக் கூண்டு எப்படி இருக்கும், உள்ளே உட்கார இடம் இருக்குமா, கடல் தெரியுமா என்று ஒவ்வொன்றாகக் கேட்க ஆரம்பித்தார்.